உயர் துல்லியக் கணிதச் சார்புகளின் சரிபார்ப்பு

உயர் துல்லியக் கணிதச் சார்புகளின் சரிபார்ப்பு என்பது சைன், கோசைன், மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு முதலிய கணிதச் சார்புகளைக் கணிக்கும் மென்பொருள் தரும் விடை கடைசி இலக்கம் வரை சரியானதா என்று சோதித்தறியும் முறைகளைக் குறிக்கும். இது எண்சார் பகுப்பாய்வின் ஒரு பிரிவாகும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலைச் சோதிப்பவர் சரியான விடையைக் கையால் கணித்து ஒப்பிட்டுக் கொள்ளலாம். ஓர் எண்ணின் மடக்கையை 50 இலக்கங்களுக்குத் தரும் நிரலைச் சோதிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. சரியான விடையை அவருக்குத் தரவல்லது பெரும்பாலும் இன்னொரு நிரலே. அந்த நிரலை எதைக் கொண்டு நம்புவது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி ஆகும்.

முழுதாக்கலும் கடைசி இட அலகும்

கணினிகள் மெய்யெண்களை மிதவைப் புள்ளி எண்களாகச் சேமிக்கின்றன. பரவலாகப் பயன்படும் இரட்டைத் துல்லிய வடிவம் 64 பிட்களைக் கொண்டது. இதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியம் கிடைக்கிறது. பதின்ம முறையில் இது 15 முதல் 17 இலக்கங்களுக்குச் சமம். 1க்கும் 2க்கும் இடையில் அடுத்தடுத்து வரும் இரு மிதவைப் புள்ளி எண்களுக்கு இடையேயுள்ள தொலைவு 2⁻⁵², அதாவது ஏறத்தாழ 2.22 × 10⁻¹⁶ ஆகும். இத்தொலைவு கடைசி இட அலகு எனப்படுகிறது.

உண்மையான விடை பொதுவாக இத்தகைய இரு எண்களுக்கு நடுவே எங்கோ விழும். அவற்றுள் அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுப்பது முழுதாக்கல் ஆகும். எந்த உள்ளீட்டுக்கும் மிக அருகிலுள்ள எண்ணையே தரும் மென்பொருள் சரியாக முழுதாக்கும் மென்பொருள் எனப்படும். அதன் பிழை கடைசி இட அலகில் பாதியைத் தாண்டாது.

1985இல் வெளியான ஐ.ஈ.ஈ.ஈ. 754 சீர்தரம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவை சரியாக முழுதாக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சைன், மடக்கை போன்ற சார்புகளுக்கு அத்தகைய கட்டாயம் விதிக்கப்படவில்லை. 2008, 2019 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களும் இதனைப் பரிந்துரையாகவே வைத்துள்ளன. ஆகவே ஒரே நிரலை இரு வேறு கணித நிரலகங்களுடன் இயக்கினால் விடைகளின் கடைசி இலக்கம் வேறுபடலாம். சீர்தரத்தின்படி இரண்டுமே குற்றமற்றவை.

கடைசி இலக்கம் வேறுபடுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனமான செர்ன், பெரிய ஆட்ரான் மோதுவியில் துகள்கள் இலட்சக்கணக்கான சுற்றுகள் சுற்றிய பின்னும் பாதை விலகாமல் இருக்குமா என்பதை சிக்ஸ்டிராக் என்ற நிரலால் கணித்தது. 2004இல் தொடங்கிய தன்னார்வக் கணிமைத் திட்டத்தில் இந்த வேலை பொதுமக்களின் கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரே வேலை இரு கணினிகளுக்கு அனுப்பப்பட்டு, விடைகள் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்கப்படும். ஆனால் வெவ்வேறு செயலிகளிலும் இயக்குதளங்களிலும் அடுக்குக்குறி, மடக்கைச் சார்புகளின் கடைசி பிட் மாறியது. ஒரு பிட் வேறுபாடு சுற்றுக்குச் சுற்று பெருகி, இறுதியில் பாதைகளே வேறாகிவிட்டன. பிரான்சின் லியோன் நகரில் உருவாக்கப்பட்ட, சரியாக முழுதாக்கும் சிஆர்லிப்எம் நிரலகத்தைப் பயன்படுத்திய பிறகே விடைகள் பொருந்தின.

கணினிக்கு முந்தைய ஒரு பாடம்

ஆங்கிலேயரான வில்லியம் ஷாங்க்ஸ் 1873இல் பையின் மதிப்பை 707 பதின்ம இடங்களுக்கு வெளியிட்டார். அவர் கையாண்டது ஜான் மாச்சின் 1706இல் கண்ட சூத்திரம். எல்லாவற்றையும் கையால் கணித்தார். இந்த மதிப்பு 70 ஆண்டுகளுக்கு மேலாக நூல்களில் எடுத்தாளப்பட்டது. 1937இல் பாரிசு நகரின் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றின் வட்ட அறைச் சுவரிலும் அது பொறிக்கப்பட்டது. 1940களின் நடுப்பகுதியில் டி. எஃப். பெர்கூசன் என்பவர் மேசைக் கணிப்பொறியின் உதவியுடன் மீண்டும் கணித்தபோது, 528ஆம் இடத்திலிருந்து ஷாங்க்ஸின் இலக்கங்கள் அனைத்தும் தவறு என்று தெரியவந்தது. அருங்காட்சியகச் சுவர் 1949இல் திருத்தப்பட்டது.

பெர்கூசன் மாச்சின் சூத்திரத்தைப் பயன்படுத்தவில்லை. 1/4, 1/20, 1/1985 ஆகியவற்றின் நேர்மாறு டேன்சன்களைக் கொண்ட வேறொரு சூத்திரத்தைப் பயன்படுத்தினார். ஒரே வழியில் இருமுறை நடப்பவர் அதே குழியில் இருமுறை விழக்கூடும். வேறு வழியில் வருபவர் அதே இடத்தை அடைந்தால்தான் அந்த ஒப்புமைக்கு மதிப்பு உண்டு. இன்றைய நிரலகச் சோதனைகளும் பெருமளவு இக்கருத்தின் மீதே அமைந்துள்ளன.

முற்றொருமைச் சோதனைகள்

சரியான விடை கையில் இல்லாதபோது, விடைகள் தமக்குள் முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது பழைய முறை. இதற்கு முற்றொருமைகள் பயன்படுகின்றன. 1972இல் எச்பி நிறுவனம் வெளியிட்ட எச்பி-35 கணிப்பானில் 2.02 என்ற எண்ணுக்கு இயல் மடக்கை கண்டு, உடனே அடுக்குக்குறிப் பொத்தானை அழுத்தினால் 2.02 திரும்பி வர வேண்டும். 2 மட்டுமே வந்தது. மிக எளிய சோதனையே இவ்வழுவைக் காட்டிக் கொடுத்தது. நிறுவனம் வாங்கியவர்களுக்குக் கருவியை மாற்றித் தர முன்வந்தது.

இம்முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் அமெரிக்கர்களான வில்லியம் கோடியும் வில்லியம் வெய்ட்டும் ஆவர். 1980இல் வெளியான அவர்களது கையேடு ஒவ்வொரு சார்புக்கும் ஒரு முற்றொருமையைத் தேர்ந்தெடுத்துத் தருகிறது. சைனுக்கு அவர்கள் பயன்படுத்தியது பின்வருவது:

சைன்(அ) = 3 சைன்(அ/3) − 4 சைன்³(அ/3)

இதில் நுட்பம் உள்ளீட்டைத் தேர்வதில் உள்ளது. அ/3 என்பதைக் கணினி முழுதாக்கினால் அந்த முழுதாக்கற் பிழையும் சோதனையில் கலந்துவிடும். எனவே முதலில் அ/3ஐ மிதவைப் புள்ளி எண்ணாக அமைத்துக் கொண்டு, மும்மடங்கும் பிழையின்றி எழுதத்தக்கதாக அதன் கடைசி பிட்கள் சீர்செய்யப்படுகின்றன. அடுக்குக்குறிச் சார்பின் சோதனையில் 1/16 என்ற பின்னம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் அது இரும முறையில் பிழையின்றி எழுதத்தக்கது என்பதே காரணம்.

முற்றொருமைச் சோதனைக்குக் கடுமையான ஓர் எல்லை உண்டு. மேற்கண்ட சூத்திரத்தைச் சைன்(அ) மட்டுமன்றி, சைன்(2அ), சைன்(1.0001அ) போன்ற எல்லாச் சார்புகளும் நிறைவு செய்கின்றன. கோணத்தை எப்போதும் ஒரே விகிதத்தில் தவறாக அளக்கும் நிரல் இச்சோதனையில் முழு மதிப்பெண் பெறும். சைன், கோசைன் வர்க்கங்களின் கூடுதல் 1 என்னும் பாடப்புத்தகச் சோதனை இதைவிட வலுவற்றது. கோணம் என்னவாக மாறிப்போயிருந்தாலும், இரு சார்புகளும் ஒரே தவறான கோணத்தைப் பயன்படுத்தும் வரை கூடுதல் 1 ஆகவே இருக்கும். விடைகள் தமக்குள் ஒத்துப்போவதும் அவை சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

கூடுதல் துல்லியத்துடன் ஒப்பிடுதல்

இன்று பெரிதும் பின்பற்றப்படும் முறை, சோதிக்கப்படும் சார்பை அதைவிடக் கூடுதல் துல்லியம் உடைய நிரலகத்துடன் ஒப்பிடுவதாகும். 53 பிட் விடையைச் சோதிக்க 100 அல்லது 200 பிட்களில் கணித்த விடை அளவுகோலாகிறது. எவ்வளவு கூடுதல் துல்லியம் போதும் என்பதே சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டு: இயல் மடக்கையின் அடிமான எண்ணை (2.71828…) அடியாகவும், பை × √163ஐ அடுக்காகவும் கொண்ட எண்ணை எடுத்துக்கொள்வோம். சீனிவாச இராமானுசனின் பெயரால் இது இராமானுசன் மாறிலி எனப்படுகிறது. எனினும் இதன் விந்தையை 1859இலேயே சார்லசு எர்மைட் கவனித்திருந்தார். இதன் மதிப்பு:

262537412640768743.99999999999925…

இதற்குக் கீழுள்ள முழு எண் எது என்று கேட்டால் சரியான விடை 743 என முடியும் எண். 20 இலக்கங்களில் கணித்தால் 744.00 என முடியும். 25 இலக்கங்களிலும், 29 இலக்கங்களிலும் அப்படியே. இரு வேறு துல்லியங்களில் கணித்து விடை மாறவில்லை என்று நிறைவு கொண்டவர் இங்கே தவறான முடிவுக்கே வருவார். 30ஆம் இலக்கத்தைத் தொட்ட பிறகுதான் பின்னப் பகுதி இருப்பதே தெரிகிறது.

இச்சிக்கலுக்கு அட்டவணை தயாரிப்பாளரின் இக்கட்டு என்று பெயரிட்டவர் ஐ.ஈ.ஈ.ஈ. 754 சீர்தரத்தின் முதன்மைச் சிற்பியான வில்லியம் ககான். உண்மை விடை இரு மிதவைப் புள்ளி எண்களின் நடுப்புள்ளிக்கு மிக நெருக்கமாக விழுந்தால், எந்தப் பக்கம் முழுதாக்குவது என்பதை அறிய எத்தனை இலக்கங்கள் கணிக்க வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஐபிஎம் ஆய்வாளர் ஆபிரகாம் சிவ் 1991இல் வெளியிட்ட வழிமுறை எளிமையானது: விடையுடன் பிழை எல்லையையும் கணி, எல்லைக்குள் நடுப்புள்ளி அகப்பட்டால் துல்லியத்தைக் கூட்டி மீண்டும் கணி.

பிரான்சில் உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் எம்.பி.எஃப்.ஆர். நிரலகம் இவ்வழிமுறையில் இயங்குகிறது. பயனர் கேட்கும் எத்தனை பிட்களுக்கும் சரியாக முழுதாக்கிய விடையைத் தருவது இதன் நோக்கம். பிற நிரலகங்களைச் சோதிப்போர் பெரும்பாலும் இதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அளவுகோலும் மனிதர் எழுதிய நிரலே என்பதை அத்திட்டத்தினர் மறைப்பதில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் பின்னர் கண்டறியப்பட்ட வழுக்களைப் பட்டியலிட்டு வருகின்றனர்.

எங்கே சோதிப்பது

அளவுகோல் கிடைத்தாலும், எந்த உள்ளீடுகளைச் சோதிப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. 32 பிட் ஒற்றைத் துல்லியத்தில் ஒரு மாறிச் சார்புக்குச் சாத்தியமான உள்ளீடுகள் 4,294,967,296 மட்டுமே. இன்றைய கணினி இவை அனைத்தையும் சோதித்துவிடும். இரட்டைத் துல்லியத்தில் 2⁶⁴ உள்ளீடுகள் உள்ளன. நொடிக்கு 100 கோடி வீதம் சோதித்தாலும் 584 ஆண்டுகள் ஆகும்.

ஆகவே பலரும் சமவாய்ப்பு முறையில் உள்ளீடுகளைத் தேர்ந்து சோதிக்கின்றனர். இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை 1994இல் இன்டெல் பென்டியம் செயலியின் வகுத்தல் வழு காட்டியது. இது சார்பு வழு அன்று, அடிப்படைச் செயலின் வழு. ஆயினும் பாடம் ஒன்றே. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமசு நைசிலி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக் கொண்டிருந்தபோது, புதிய பென்டியம் கணினியின் விடை மற்ற கணினிகளுடன் ஒத்துப்போகவில்லை. பல மாதங்கள் தன் நிரலையும் பிறவற்றையும் ஐயுற்று ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே செயலியைக் குற்றவாளியாக்கினார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382… வர வேண்டும், அச்செயலி 1.33373… என்றது. வகுத்தலுக்கான உள் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்ததே காரணம். சமவாய்ப்பில் 900 கோடி வகுத்தல்களில் ஒன்றே தவறும் என்று இன்டெல் கணக்கிட்டது. அக்கணக்கு பயனரை ஆற்றுப்படுத்தச் சொல்லப்பட்டது. சோதனையாளரின் கண்ணுக்கோ, சில கோடிச் சமவாய்ப்புச் சோதனைகள் இவ்வழுவை ஏன் காணாது என்பதன் விளக்கம் அது. செயலிகளை மாற்றித் தரவும் தொடர்புடைய செலவுகளுக்கும் இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது.

எனவே தேர்ந்த சோதனையாளர்கள் தவறு நேரக்கூடிய இடங்களைத் தேடிச் செல்கின்றனர். முக்கோணவியல் சார்புகளில் அத்தகைய இடம் கோணக் குறைப்பு ஆகும். பெரிய கோணத்திலிருந்து பையின் மடங்குகளைக் கழித்துச் சிறிய கோணமாக்கும் படி இது. 10²² என்ற எண் இரட்டைத் துல்லியத்தில் பிழையின்றி எழுதத்தக்கது. அதன் சைன் −0.8522008497671888. முன்னாளில் சில பொறிகள் இதற்கு 0 என விடை தந்தன. குறியே மாறி 0.8740 தந்த மென்பொருளும் உண்டு.

இதனினும் கொடியது 6381956970095103 × 2⁷⁹⁷ என்னும் எண். ஏறத்தாழ 5.3 × 10²⁵⁵ அளவுடைய இது, பை/2இன் ஒற்றைப்படை மடங்கு ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. இதன் கோசைன் ஏறக்குறைய −4.687 × 10⁻¹⁹. தொடர் பின்னங்களைக் கொண்டு இத்தகைய எண்களைக் கண்டுபிடிக்கலாம். சமவாய்ப்புத் தேர்வில் இவை அகப்படுவது அரிது. இவ்விடையை முழுத் துல்லியத்துடன் பெற பையின் மதிப்பு கிட்டத்தட்ட 300 இலக்கங்களுக்குத் தேவை. 1983இல் பெய்னும் ஆனெக்கும் வெளியிட்ட குறைப்பு முறை, தேவையான இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதனைச் செய்கிறது.

பெரிய எண்களில்தான் இடர் என்பதில்லை. பையின் மதிப்பை இரட்டைத் துல்லியத்தில் எழுதினால் அது உண்மையான பையைவிடச் சற்றே சிறியது. அவ்வெண்ணின் சைன் அந்தச் சிறு வேறுபாடே ஆகும்: 1.2246467991473532 × 10⁻¹⁶. இன்டெல் செயலிகளில் உள்ளிணைந்த பழைய சைன் கட்டளை 1.22460635 × 10⁻¹⁶ என்கிறது. முதல் ஐந்து இலக்கங்களே சரி. கட்டளையினுள் இருக்கும் பையின் மதிப்பு 66 பிட் நீளமே உடையது என்பதால், 53 பிட்கள் கழிந்த பின் நம்பத்தக்கவை ஏறத்தாழ 13 பிட்களே எஞ்சுகின்றன. பிழை கடைசி இட அலகுக்குள் அடங்கும் என்று கையேடு பல ஆண்டுகளாகக் கூறிவந்தது. 2014இல் நிரலர் புரூஸ் டாசன் இதனை விரிவாக எழுதிய பின்னர், இன்டெல் கையேட்டைத் திருத்தியது. கட்டளை மாற்றப்படவில்லை.

கடினமான உள்ளீடுகளைத் தேடுதல்

நடுப்புள்ளிக்கு மிக நெருங்கும் விடைகளைத் தரும் உள்ளீடுகள் அனைத்தையும் தேடிப் பட்டியலிட்டுவிட்டால், அட்டவணை தயாரிப்பாளரின் இக்கட்டு அகன்றுவிடும். வின்சென்ட் லெஃபெவ்ர், ழான்-மிசேல் முல்லர் ஆகியோர் 1990களின் பிற்பகுதி முதல் இதனைச் செய்தனர். உள்ளீட்டு வீச்சைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் சார்பை நேர்கோடாகத் தோராயப்படுத்தி, அக்கோடு நடுப்புள்ளிகளை நெருங்காத துண்டுகளை மொத்தமாக ஒதுக்கிவிடுவது அவர்களது வழி.

எவ்வளவு நெருக்கம் எதிர்பார்க்கத்தக்கது என்பதை மதிப்பிடுவது கடினமன்று. 53ஆம் பிட்டுக்குப் பின்வருபவை சமவாய்ப்பு பிட்கள் போல் நடந்துகொண்டால், 2⁶⁴ உள்ளீடுகளில் மிக மோசமானதற்கு ஏறத்தாழ 53 + 64 = 117 பிட்கள் போதும். மிகச் சிறிய உள்ளீடுகள் போன்ற தனிநிலைகளை விடுத்துப் பார்த்தால், தேடலின் முடிவுகள் இம்மதிப்பீட்டை ஒட்டியே அமைந்தன. ஆயிரம் பிட்கள் தேவைப்படுமோ என்ற அச்சம் இதனால் நீங்கியது.

குனூ சி நிரலகத்தில் சிவ் வழிமுறையின் அடிப்படையில் ஐபிஎம் எழுதிய நிரல்கள் நெடுங்காலம் இருந்தன. அரிய உள்ளீடுகளில் இவை 768 பிட் கணிப்புக்குத் தாவி, வழக்கத்தைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்தன. 2018இல் வெளியான 2.28 பதிப்பில் இந்த மெதுவான பாதைகள் நீக்கப்பட்டன. சரியான முழுதாக்கல் கைவிடப்பட்டது. பிழை கடைசி இட அலகுக்குள் இருந்தால் போதும் என்ற நிலை ஏற்கப்பட்டது. விரைவு தேவைப்பட்டோருக்கு இது நியாயமான முடிவே. ஆயினும் துல்லியமும் விரைவும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எண்ணத்தை, 2022இல் பால் சிம்மர்மன் முதலானோர் அறிமுகப்படுத்திய கோர்-மேத் திட்டம் அசைத்தது. கடினமான உள்ளீடுகள் முன்கூட்டித் தெரிந்திருப்பதால், இதன் நிரல்கள் சரியாக முழுதாக்கியும் விரைவாக இயங்குகின்றன. 2025 சனவரியில் வெளியான குனூ சி நிரலகத்தின் 2.41 பதிப்பு, ஒற்றைத் துல்லியச் சார்புகள் பலவற்றுக்குக் கோர்-மேத் நிரல்களை ஏற்றுக்கொண்டது.

ஆயிரம் இலக்கங்களுக்கு அப்பால்

துல்லியத்துக்கு எல்லையே இல்லாதபோது எல்லா உள்ளீடுகளையும் தேடுவது என்பது பொருளற்றது. இங்கு இடைவெளிக் கணிதம் உதவுகிறது. விடையை ஓர் எண்ணாகத் தராமல், உண்மை மதிப்பு கட்டாயம் அடங்கும் ஓர் இடைவெளியாகத் தருவது இம்முறை. ஃபிரெட்ரிக் யோகான்சன் 2012இல் தொடங்கிய ஆர்ப் நிரலகம் (2023 முதல் ஃபிளின்ட் நிரலகத்தின் பகுதி) இவ்வகையினது. ஒரே சார்பை இரு வேறு சூத்திரங்களால் கணித்து, இரு இடைவெளிகளும் ஒன்றையொன்று வெட்டவில்லை எனில், ஒன்றாவது தவறு என்பது ஐயமற உறுதியாகும். வெட்டினால் தவறு இதுவரை தென்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

பையின் இலக்கங்களில் சாதனை படைப்போரும் பெர்கூசன் வழியையே பின்பற்றுகின்றனர். முதன்மைக் கணிப்புக்குப் பெரும்பாலும் சுட்னோவ்சுக்கி உடன்பிறப்புகளின் சூத்திரம் பயன்படுகிறது. 1995இல் கண்டுபிடிக்கப்பட்ட பெய்லி–போர்வைன்–பிளவ்ஃப் சூத்திரம், முந்தைய இலக்கங்களைக் கணிக்காமலேயே பையின் பதினறும இலக்கங்களை நெடுந்தொலைவில் தனியே கண்டறிய வல்லது. இரண்டின் கடைசி இலக்கங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படுகிறது. பதினறும முறையிலிருந்து பதின்ம முறைக்கு மாற்றும் படியை இது சோதிக்காது என்பதால், அதற்குத் தனிச் சரிபார்ப்பு வேண்டும்.

சில வேளைகளில் சோதனை எதிர்த்திசையிலும் நடந்துள்ளது. 1985இல் பில் காசுப்பர், இராமானுசன் 1914இல் வெளியிட்ட தொடர் ஒன்றைக் கொண்டு பையை 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்களுக்குக் கணித்தார். அத்தொடருக்கு அப்போது நிறுவல் வெளியாகியிருக்கவில்லை. யப்பானின் யசுமாசா கனடா குழுவினர் முற்றிலும் வேறான முறையில் முன்பே கண்டிருந்த இலக்கங்களுடன் காசுப்பரின் இலக்கங்கள் ஒத்திருந்தமை, நிரலைவிடச் சூத்திரத்துக்கே சான்றாயிற்று. 1987இல் போர்வைன் உடன்பிறப்புகள் அதற்கு நிறுவல் அளித்தனர்.

முறைசார் நிறுவல்

சோதனைகளுக்குப் பதிலாக, நிரலின் பிழை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்று கணித நிறுவல் எழுதி, அந்நிறுவலைக் கணினியைக் கொண்டே சரிபார்ப்பதும் உண்டு. பென்டியம் வழுவுக்குப் பின் இத்துறைக்கு ஊக்கம் கிடைத்தது. இன்டெல்லில் பணியாற்றிய ஜான் ஆரிசன், இட்டானியம் செயலிக்கான வகுத்தல், வர்க்கமூலம், முக்கோணவியல் நிரல்களை எச்ஓஎல் லைட் என்ற தேற்ற நிறுவியைக் கொண்டு சரிபார்த்தார். இத்தகைய நிறுவல் எல்லா உள்ளீடுகளையும் ஒருசேர அடக்கும். நிறுவல் பேசுவது படிமுறையைப் பற்றி. தொகுப்பி அதனை எவ்வாறு பொறிமொழியாக்குகிறது என்பதும் அட்டவணை எண்கள் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டனவா என்பதும் நிறுவலில் தனியே சேர்க்கப்படாவிட்டால் அதன் எல்லைக்கு வெளியே நிற்கும். ஆகவே நிறுவப்பட்ட நிரல்களும் 10²² போன்ற பழைய உள்ளீடுகளைக் கொண்டு இன்றும் சோதிக்கப்படுகின்றன.